கொடி இல்லாத வீதி: சிலம்பின் வைரக் குற்றங்களும் நம் ஊர்க் கடைவீதியும்

சித்திரை, வைகாசியில் மரக்காணம் பக்கம் வந்தால் வாரிக் குவித்த உப்பைச் சாலையிலிருந்தே பார்க்கலாம். வெயில் ஏற ஏற விளைச்சல். உப்பளத்தை நம்பியிருக்கும் வீடுகளில் கொஞ்சம் காசு புழங்குகிற மாதங்களும் அவைதான். அட்சய திருதியையும் சரியாக அப்போதுதான் வருகிறது. திண்டிவனத்துக்கோ புதுச்சேரிக்கோ பஸ் ஏறி, கல்யாணத்துக்கு இருக்கிற பெண்ணுக்கு ஒரு வைர மூக்குத்தி, கொஞ்சம் வசதி இருந்தால் ஏழுகல் தோடு என்று வாங்கி வருவார்கள்.

வைரம் வாங்கும்போது என்னென்ன தவறு செய்யக்கூடாது என்று சொல்லும் கட்டுரைகளுக்கு இப்போது பஞ்சமில்லை. வெட்டு, நிறம், தெளிவு, காரட் என்று நான்கையும் விளக்கிவிட்டு, 'சான்றிதழ் கேட்டு வாங்குங்கள்' என்று முடித்துவிடுவார்கள். தப்பில்லை, ஆனால் ஏதோ குறைகிறது. என்ன குறைகிறது என்று யோசித்தபோது எனக்குக் கைகொடுத்தது சிலப்பதிகாரம். தமிழில் வைரம் பார்க்கக் கற்றுக்கொடுக்கும் பழைய பகுதி ஒன்று அதில் இருக்கிறது. அதையும், அதற்கு எழுதப்பட்ட உரையையும், இன்றைய கடைவீதியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படித்துப் பார்ப்பதுதான் இந்தக் குறிப்பு.

இரண்டு வீதிகள்

மதுரைக் காண்டத்தின் ஊர்காண் காதையில் கோவலன் கண்ணகியைப் புறஞ்சேரியில் விட்டுவிட்டு நகரைச் சுற்றிப் பார்க்கப் போகிறான். மணி விற்கும் வீதி வருகிறது. இளங்கோ அங்கே வைரத்துக்கு நான்கு குற்றம் சொல்கிறார்: காகபாதம், களங்கம், விந்து, ஏகை. இந்த நான்கும் இல்லாமல், நுண்ணிய முனையும் நல்ல ஒளியும் உடையதே விற்பனைக்கு இருந்தது என்கிறார்.

இந்த நான்கையும் இன்றைய ஆய்வகச் சான்றிதழின் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். காக்கைக் கால் போலக் கிளைத்து ஓடும் விரிசல் காகபாதம். இன்று ஃபெதர் என்கிறார்கள். புகை மூடினாற்போல மங்கல் களங்கம், இன்று கிளவுட். புள்ளி விந்து, இன்று பின்பாயின்ட், கொஞ்சம் பெரிதானால் கிறிஸ்டல். கோடு ஏகை, இன்று கிரெய்ன் லைன். ஒவ்வொன்றும் அச்சாகப் பொருந்தும் என்று நான் வாதிட வரவில்லை. ஆனால் பார்க்கும் முறை ஒன்றுதான். கல்லுக்குள் என்ன இருக்கிறது, அது ஒளியை எப்படித் தடுக்கிறது என்று கண்ணால் பார்த்துச் சொல்வது. அமெரிக்காவின் ஜி.ஐ.ஏ. நிறுவனம் 1931-இல் தொடங்கியது. இன்று நாம் காணும் டி முதல் இசட் வரையிலான நிற வரிசையும் தெளிவு வரிசையும் 1950-களில் அங்கே உருவானவை. அதற்குப் பல நூற்றாண்டுகள் முன்பே ஒரு தமிழ்க் காப்பியம் வாசகனுக்கு இவ்வளவு தெளிவாக உள்குற்றப் பட்டியல் கொடுத்திருப்பது சாதாரண விஷயம் இல்லை.

அடுத்து பொன் வீதி வருகிறது. இங்கேதான் பலரும் கவனிக்காத ஒன்று இருக்கிறது. சாதரூபம், கிளிச்சிறை, ஆடகம், சாம்பூநதம் என்று நான்கு வகைப் பொன். வாங்க வருகிறவர் எது எதுவென்று குழம்பக்கூடாதென்று வணிகர்கள் கொடி ஏற்றி வைத்திருக்கிறார்கள். மணி வீதியில் கொடி பற்றிய பேச்சே இல்லை. பொன்னுக்கு அடையாளம் வெளியே நட்டு வைக்கலாம். கல்லுக்கு அறிந்தவர் கண்தான் அடையாளம்.

இன்றும் அதே நிலைதான். 2021 ஜூனிலிருந்து தங்க நகைக்கு ஹால்மார்க் படிப்படியாகக் கட்டாயமாகி வருகிறது. ஆறிலக்க எச்.யு.ஐ.டி. எண்ணைச் செயலியில் தட்டினால் நகையின் தூய்மை தெரியும். ஆனால் அந்த முத்திரை தங்கத்துக்கு மட்டும். 'ஹால்மார்க் வைரத் தோடுங்க' என்று கடையில் சொன்னால், கல்லைத் தாங்கியிருக்கிற தங்கம் ஹால்மார்க் என்றுதான் அர்த்தம். கல்லைப் பற்றி அந்த முத்திரை ஒரு வார்த்தையும் சொல்வதில்லை. தங்கத்தின் கொடியைப் பார்த்து வைரத்தை நம்புவதுதான் நம் பக்கத்தில் நான் அதிகம் காணும் முதல் தவறு.

காரட் என்கிற சொல்லும் இதற்குத் துணை போகிறது. தங்கத்தில் காரட் தூய்மை. வைரத்தில் காரட் எடை: ஒரு காரட் 0.2 கிராம், 100 சென்ட். '18 காரட் வைரத் தோடு' என்றால் தங்கம் பதினெட்டு காரட் என்று பொருள். கல் எத்தனை சென்ட் என்று தனியாகக் கேட்க வேண்டும்.

குற்றம் எப்போது தோஷமானது

இனி உரைக்கு வருவோம். உ.வே.சாமிநாதையர் 1892-இல் சிலப்பதிகாரத்தை அரும்பத உரையோடும் அடியார்க்கு நல்லார் உரையோடும் பதிப்பித்தார். அடியார்க்கு நல்லார் இந்த இடத்தில் பெரிய உதவி செய்திருக்கிறார். இளங்கோ நான்கு சொன்ன இடத்தில் பன்னிரண்டு குற்றம், ஐந்து குணம் என்று பழைய மணிநூல் செய்யுட்களை எடுத்துக் காட்டுகிறார். எட்டுப் பலகை, ஆறு கோணம் என்று அவர் தரும் கணக்கு, வெட்டப்படாத வைரத்தின் எண்முகப் படிக வடிவத்துக்குச் சரியாகப் பொருந்துகிறது. முகம் எட்டு, முனை ஆறு. அதை எழுதியவர்கள் கல்லைக் கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தவர்கள்.

ஆனால் அதே உரையில் இன்னொரு வகைச் செய்தியும் வருகிறது. காகபாதம் உள்ள கல்லை வைத்திருப்பவரைப் பாம்பு கொல்லும். களங்கம் உள்ளது நிலத்துக்குக் கேடு. விந்து மனத்துயர் தரும். கோடு உள்ளதை ஏற்றவர் மாய்வர். இளங்கோவின் வரிகளில் இந்தப் பயமுறுத்தல் இல்லை. அங்கே குற்றம் என்றால் கல்லின் குறை, அவ்வளவுதான். உரை காட்டும் மரபில் அது அணிபவரின் விதியாகிவிடுகிறது.

உரையாசிரியரைக் குறை சொல்வது என் நோக்கமில்லை. அவர் தம் காலத்து நூல்களை நேர்மையாக எடுத்து வைத்தார். அவர் வைக்காவிட்டால் நமக்கு எதுவும் தெரிந்திருக்காது. இளங்கோவும் முழுக்கத் தப்பவில்லை. வைரத்தின் ஒளியை நான்கு வருணமாகப் பிரிப்பது அவர் வரியிலேயே இருக்கிறது. மஞ்சள் சாயல் நைட்ரஜனால் வருகிறது, நீலம் போரானால் வருகிறது என்று இன்று தெரியும். மனிதர்கள் தங்களுக்குள் வைத்திருந்த ஏற்றத்தாழ்வைக் கல்லின் மீதும் ஏற்றிவிட்டார்கள் என்பதற்கு மேல் அந்தப் பிரிவுக்கு மதிப்பில்லை.

என் விமரிசனம் நம்மைப் பற்றியது. அந்த மரபில் இரண்டு பாதி இருந்தன: பார்வை ஒன்று, பயம் ஒன்று. பார்வையை விட்டுவிட்டோம், பயத்தை மட்டும் பத்திரமாக வைத்துக்கொண்டோம். 'வைரம் எல்லாருக்கும் ஒத்துக்காதும்மா', 'கரும்புள்ளி இருந்தா புருஷனுக்கு ஆகாது', 'மூணு நாள் வீட்டுல வச்சுப் பார்த்துட்டு வாங்கு' என்பதெல்லாம் அந்தப் பாதியின் மிச்சம். எட்டுப் பலகை எங்கே, முனை உடைந்திருக்கா, வெளிச்சம் உள்ளே போய்த் திரும்பி வருதா என்று கேட்கிறவர் யாரும் இல்லை. கடைக்காரருக்கு இது வசதி. தோஷமில்லாத கல் என்று சொன்னால் போதும், வேறு கேள்வியே வராது. வெறும் கண்ணுக்குத் தெரியாத, ஒளியையும் உறுதியையும் பாதிக்காத சின்னப் புள்ளிக்குப் பயந்து அதிக விலை கொடுப்பவர், மோசமாக வெட்டப்பட்டு ஒளி மங்கிய கல்லைச் சந்தோஷமாக வாங்கிப் போகிறார். வைரம் மின்னுவது பெரும்பாலும் வெட்டின் கோணத்தால். ஒளிவிலகல் எண் 2.42 இருக்கிற ஒரு பொருளை எந்தச் சாய்வில் வெட்டினால் ஒளி மேல்பக்கமே திரும்பி வரும் என்று மார்செல் டோல்கோவ்ஸ்கி 1919-இல் கணக்குப் போட்டுக் காட்டினார். நான்கில் முதலில் பார்க்க வேண்டியது அதைத்தான்.

மிதக்கும் வைரம்

பழைய நூல் என்பதற்காக எல்லாவற்றையும் தலையில் தூக்கி வைத்துக்கொள்ளவும் முடியாது. ஆறாம் நூற்றாண்டு வராகமிகிரரின் பிருகத் சம்ஹிதை, நல்ல வைரம் தண்ணீரில் மிதக்கும் என்கிறது. உப்பளத்தில் வேலை செய்கிறவர் யாரும் இதைக் கேட்டுச் சிரிப்பார். பாத்தியில் உப்பு இறங்குகிற அளவுக்குக் கெட்டிப்பட்ட உப்புநீரின் அடர்த்தியே தண்ணீரைப்போல் 1.2 மடங்குதான். உப்புக்கல் 2.16, அது அடியில்தான் கிடக்கிறது. வைரம் 3.52. எந்தத் தண்ணீரில் மிதக்கும்?

சிரித்துவிட்டு நாமும் அதையேதான் செய்கிறோம். 'டம்ளர் தண்ணியில போடுங்க, மூழ்கினா அசல்' என்று இப்போது ஒரு சோதனை உலவுகிறது. கண்ணாடி சுமார் 2.5, கியூபிக் சிர்கோனியா 5.6-க்கு மேல். அவையும் மூழ்கும். வாயால் ஊதிப் பார்ப்பதும் நம்பத் தகுந்ததல்ல. சில கடைகளில் பேனா மாதிரி ஒரு டெஸ்டரை வைத்து 'பீப்' சத்தம் கேட்கச் செய்வார்கள். வெப்பம் கடத்துவதை மட்டும் அளக்கிற டெஸ்டர் என்றால் மொய்சனைட்டையும் வைரம் என்று சொல்லிவிடும். ஆய்வகத்தில் வளர்த்த வைரத்துக்கும் பீப் அடிக்கும், ஏனென்றால் அதுவும் வைரம்தான்.

வராகமிகிரரிடம் எடுத்துக்கொள்ள வேண்டியது அவர் விலைப்பட்டியல். 20 அரிசி எடைக் கல்லுக்கு இரண்டு லட்சம் காசு என்று தொடங்கி, எடை குறையக் குறைய விலை எடையைவிட வேகமாகச் சரிகிறது. இன்றைய சந்தையும் அப்படியே. பத்து பத்து சென்டாக ஏழு கல் சேர்ந்தால் 70 சென்ட் ஆகும், ஆனால் அதன் விலை 70 சென்ட் ஒற்றைக்கல்லின் விலை ஆகாது, பலமடங்கு குறைவு. தோட்டுக்கு மொத்தச் சென்ட்டை மட்டும் சொல்லி விலை பேசினால், ஒவ்வொரு கல்லும் எத்தனை சென்ட் என்று கேளுங்கள். நம் பக்கத்துப் பழைய பாணித் தோடுகளில் கல்லின் பின்பக்கம் தங்கத்தால் மூடியிருக்கும். அழகுதான். ஆனால் மூடிவிட்டால் கல்லின் அடிப்பாகமும் தெரியாது, நிறமும் சரியாகத் தெரியாது. பதிப்பதற்கு முன்பே பார்த்துவிட வேண்டும்.

பார்க்கிற வெளிச்சமும் முக்கியம். பதினேழாம் நூற்றாண்டில் கோல்கொண்டா சுரங்கங்களுக்கு வந்த பிரெஞ்சு வைர வணிகர் தவேர்னியே, இந்திய வணிகர்கள் இரவில் சுவர் மாடத்தில் விளக்கை வைத்து, விரல்நுனியில் கல்லைப் பிடித்துப் பார்ப்பார்கள் என்று எழுதியிருக்கிறார். மரத்தின் இலை நிழலில் வைத்தால் நீலச் சாயல் தெரிந்துவிடும் என்பதும் அவர் குறிப்பு. அவர்கள் கல்லின் குற்றம் தெரிவதற்கு வெளிச்சம் அமைத்தார்கள். இன்றைய கடை விளக்குகள் எதைப் போட்டாலும் மின்னுவதற்கென்று அமைக்கப்பட்டவை. கல்லைக் கடை வாசலுக்கு எடுத்து வந்து நிழலில் பாருங்கள். கொடுக்கத் தயங்கினால் ஊழியரையும் கூட வரச் சொல்லுங்கள்.

பெயருக்கு மயங்குவது இன்னொன்று. தமிழ்நாட்டில் 'ப்ளூ ஜாகர்' என்றால் தனி மரியாதை. தென்னாப்பிரிக்காவின் யாகர்ஸ்ஃபோன்டெயின் சுரங்கத்துக் கல்லுக்கு வந்த பெயர் அது. அந்தச் சுரங்கம் 1971-இல் மூடப்பட்டது. பிறகு நடந்தது பழைய கழிவு மண்ணை மறுபடி சலித்தெடுப்பது. 2022 செப்டம்பரில் உடைந்து ஊருக்குள் புகுந்தது அந்தக் கழிவு அணைதான். இன்று நம் ஊரில் விற்கும் ஜாகரெல்லாம் அங்கிருந்து வந்திருக்க வழியில்லை. பாட்டி வைத்திருந்தது அசலாக இருக்கலாம். கடையில் இன்று சொல்வது பெரும்பாலும் ஒரு சாயலின் பெயர். அந்தப் பெயருக்குத் தனி விலை கொடுக்காதீர்கள்.

சிலம்பை யாரும் உடைத்துப் பார்க்கவில்லை

இனி நான் சொல்ல வந்த இடம். குற்றம் நான்கும் தெரிந்த வணிகர்கள் இருந்த அதே மதுரையில்தான் கோவலன் செத்தான். ஊர்காண் காதை பதினான்காவது, கொலைக்களக் காதை பதினாறாவது. நடுவில் ஒரு காதைதான்.

என்ன நடந்தது? கோவலன் விலைமதிக்கச் சொல்லிச் சிலம்பைக் காட்டியது வழியில் எதிர்ப்பட்ட அரண்மனைப் பொற்கொல்லனிடம். தொழில் தெரிந்தவன், மரியாதையான ஆள், கூடவே பரிவாரம். ஆனால் அரசியின் சிலம்பைத் திருடியவனும் அவனே. மதிப்பிடுகிறவனுக்கே அதில் ஆதாயம் இருந்தது. அரசன் அவன் வாய்ச்சொல்லை நம்பினான். கொல்ல வந்தவர்கள் 'இவன் கள்வன் மாதிரி தெரியலையே' என்று தயங்கியபோது, பொற்கொல்லன் கள்வர் கையாளும் வழிகள் எட்டு என்று நூலறிவோடு வகுப்பெடுத்தான். எல்லாரும் கேட்டார்கள். ஒருவராவது சிலம்பைக் கையில் வாங்கி ஆட்டிப் பார்த்தார்களா? உள்ளே முத்தா, மாணிக்கமா? வழக்குரை காதையில் கண்ணகி வந்து உடைத்த பிறகுதான் அது தெரிந்தது.

ஊழ்வினையைப் பற்றியும் அரச நீதியைப் பற்றியும் இந்தக் கதையைப் பேசுகிறோம், பேச வேண்டியதுதான். ஆனால் ஒரு வணிகர் குடும்பத்துக் கதையாகவும் இதைப் படிக்கலாம். அப்படிப் படித்தால் மணி வீதி வருணனை வெறும் அலங்காரமாக நிற்பதில்லை. நகரத்தில் அறிவு இருந்தது, அது தேவைப்பட்ட இடத்துக்கு வரவில்லை என்பதை அது முன்கூட்டியே காட்டி வைக்கிறது. வருத்தம் என்னவென்றால், பன்னிரண்டு குற்றமும் எடுத்துக்காட்டிய அடியார்க்கு நல்லாரின் உரை ஊர்சூழ் வரியோடு நின்றுவிடுகிறது. சிலம்பு உடையும் காதைக்கு அவர் உரை நமக்குக் கிடைக்கவில்லை.

இன்றைய ஆலோசனைக் கட்டுரைகளில் குறைவது இதுதான். 'சான்றிதழ் கேளுங்கள்' என்பார்கள். யார் கொடுத்த சான்றிதழ் என்று கேட்கச் சொல்வதில்லை. விற்கிற கடையே அச்சடித்துக் கொடுக்கும் அட்டை, பொற்கொல்லன் சொல் மாதிரிதான். கடைக்குச் சம்பந்தமில்லாத ஆய்வகத்தின் அறிக்கை வேண்டும். அறிக்கை எண்ணை அந்த ஆய்வகத்தின் இணையதளத்தில் நீங்களே போட்டுப் பாருங்கள். பல கற்களில் அதே எண்ணை இடைவிளிம்பில் லேசரால் பொறித்திருப்பார்கள். லென்ஸ் வாங்கி, காகிதத்தில் இருப்பதும் கல்லில் இருப்பதும் ஒன்றா என்று பார்க்க வேண்டும். இயற்கையா, ஆய்வகத்தில் வளர்த்ததா என்பதும் அதில் இருக்கும். 2023 பட்ஜெட்டில் அறிவிக்கப்பட்டு, சென்னை ஐ.ஐ.டி.யில் ஆய்வக வைரத்துக்கென்று ஐந்தாண்டுகளுக்குச் சுமார் 243 கோடி ரூபாயில் ஒரு மையம் வந்திருக்கிறது. அந்த வைரத்தை வாங்குவதில் கேவலம் ஒன்றுமில்லை. இயற்கைக் கல்லின் விலையைக் கொடுத்து அதை வாங்குவதுதான் நஷ்டம். கண்ணால் பார்த்து இரண்டையும் பிரிக்க யாராலும் முடியாது.

மூக்குத்திக் கல் மாதிரிச் சின்னக் கற்களுக்குத் தனித்தனி அறிக்கை கிடைக்காது. அங்கே பில்தான் ஆதாரம். கல்லின் எடை, எண்ணிக்கை, தரம், இயற்கையா இல்லையா, திரும்பக் கொடுத்தால் என்ன விலை என்பதெல்லாம் எழுத்தில் இருக்க வேண்டும்.

கடைசியாக, நம் கரைக்கு மட்டும் உரிய ஒரு கணக்கு. ஐப்பசி பிறந்தால் உப்பளம் நின்றுவிடும். 2024 நவம்பர் கடைசியில் ஃபெஞ்சல் புயல் கரையேறியபோது பாத்திகளெல்லாம் வெள்ளத்தில் போனதை எல்லாரும் பார்த்தோம். அரசு தரும் மழைக்கால நிவாரணம் குடும்பத்துக்கு 5,000 ரூபாய். அந்த மாதங்களில் நகை அடகுக்குப் போகும். வங்கியில் நகைக்கடன் தங்கத்தின் எடைக்குத்தான். கல்லைக் கழித்துவிட்டுத்தான் எடை போடுவார்கள். ஆகக் கோடையில் ஐம்பதாயிரம் கொடுத்து வாங்கிய நகையில் முப்பதாயிரம் கல்லுக்கென்றால், கார்த்திகை மழையில் அந்த முப்பதாயிரத்துக்குக் கவுண்ட்டரில் மதிப்பு பூஜ்யம். ஆசைக்கு வாங்குங்கள், அழகுக்கு வாங்குங்கள், அதில் தவறே இல்லை. ஆபத்துக்கு உதவும் என்று வைரத்தை வாங்காதீர்கள். அதற்குத் தங்கம் இருக்கிறது.

எதை வாங்கினாலும் பணம் கட்டுவதற்கு முன் ஒன்று கேளுங்கள்: 'தங்கத்தோட எடை தனியா, கல்லோட எடை தனியா, ரெண்டுக்கும் விலை தனியா எழுதிக் குடுங்க.' எழுதிக் கொடுக்கிற கடையில் வாங்கலாம்.

அடுத்த குறிப்பில் அந்தப் பொன் வீதிக்குத் திரும்ப உத்தேசம். கிளிச்சிறை என்பது என்ன பொன் என்று கொஞ்சம் பார்க்க வேண்டியிருக்கிறது.